மேலவைக்குப் போன ஒரு டம்ளர் வெள்ளம்

1

திருவனந்தபுரம் என்று சொல்ல எங்கள் ஊர் செனட்டருக்கு மூன்று முயற்சி தேவைப்பட்டது. முதல் முறை ‘திருவா’ என்பதோடு நின்று மூச்சு வாங்கினார். இரண்டாம் முறை நடுவிலிருந்த அனந்தனை அப்படியே விழுங்கிவிட்டார். மூன்றாம் முறை முழுப்பெயரும் வந்துவிட்டது. சிக்கலான பிரசவத்தில் கன்றுக்குட்டியை உயிரோடு வெளியே எடுத்தவர் போல அவையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அரசியலுக்கு வருமுன் மாட்டு வைத்தியராக இருந்த பெண்மணி அவர். அந்தப் பார்வை அவருக்குப் பழக்கமானதாகத்தான் இருக்க வேண்டும்.

நான் அதை, வேலை பார்க்கும் கடையின் பின்னறையில், டீ இடைவேளையில், கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அயர்லாந்து நாடாளுமன்ற மேலவையில் என் ஊரின் பெயர்! புல்லரித்தது. அடுத்த வாக்கியத்திலேயே அவர் பேசுவது என் அப்பாவைப் பற்றி என்று புரிந்தது. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிழக்கேகோட்டையில் கோயிலை ஒட்டிய தெரு ஒன்றில் பிறந்தவன். முன்னோர் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள். நாங்கள் வீட்டில் பேசுவது தமிழ் என்று நாங்கள் நம்புகிறோம், மதுரைக்காரர்கள் நம்புவதில்லை. என் மனைவி லதா நர்ஸ். அவளுக்கு அயர்லாந்தின் மேற்குப் பக்கத்துச் சிறிய ஊர் ஒன்றில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. அவள் பின்னால் நானும், என் பின்னால் பெட்டிகளும் வந்து சேர்ந்தோம். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன் இங்கே சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறேன். முழுப்பெயர் சுப்பிரமணியன், வீட்டில் மணி, சட்டையில் குத்தியிருக்கும் பெயர் அட்டையில் ‘சப்’.

காலையில் லதாவின் சீருடைக்கு இஸ்திரி போடுவதும், மகள் நித்யாவுக்கு டிபன் கட்டுவதும், எந்த வாரம் எந்த நிறக் குப்பைத் தொட்டியை வாசலில் வைப்பது என்று எதிர்வீட்டை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வதும் என் பொறுப்பு. ஆங்கிலம் தெரியும் என்ற எண்ணத்தோடுதான் வந்தேன். முதல் வாரமே லதா, “மேட்ரன் இன்னிக்கு எனக்கு கிவிங் அவுட்” என்றாள். “என்ன குடுத்தா?” என்று ஆசையாகக் கேட்டேன். இந்த ஊரில் அதற்குத் திட்டினார் என்று பொருளாம். அன்று முழுக்க லதாவும் எனக்கு அதையே கொடுத்தாள்.

2

செனட்டர் எந்தக் கட்சியிலும் இல்லை. எந்தக் கட்சியும் அவரைத் தாங்காது என்று ஊரில் சொல்வார்கள். பஸ் நிறுத்தங்களில் வயதானவர்களுக்குக் கழிப்பறை இல்லை என்று பேசும்போது, தன் சொந்த மூத்திரப்பையின் நிலைமையை அவையில் விளக்கியவர். கல்யாணமாகாமல் பிள்ளை பெற்ற பெண்களை ஊர் ஒரு காலத்தில் நடத்திய விதத்தைப் பற்றிப் பேசியபோது எதிரே ஒருவர் முகம் சுளித்தார். “உங்கள் தாத்தாவும் இப்படித்தான் சுளிப்பார், எனக்கு நினைவிருக்கிறது” என்றார் இவர். ஒருமுறை அவைத் தலைவர் ஒரு சொல்லைத் திரும்பப் பெறச் சொன்னார். “சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். பொருள் அங்கேயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இத்தனைக்கும் அவருக்கு விஷயம் கிடைப்பது பெரும்பாலும் எங்கள் கடை வரிசையில்தான். ரொட்டி, நாய் பிஸ்கட், பழைய மாதிரி கறுப்பு டீத்தூள், கூடவே யாருடைய வீட்டுத் துன்பமாவது ஒன்று. இவற்றை எடுத்துக்கொண்டுதான் அவர் கடையை விட்டுப் போவார். அவரிடம் யாராவது மனம்விட்டுப் பேசத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர் இருமி எச்சரிப்பார்.

நான் பேசிய அன்று பின்னால் யாரும் இல்லை.

“கிறிஸ்துமஸுக்கு உன் அப்பா அம்மா வருகிறார்களா, சப்?” என்று கேட்டார். அம்மாவுக்கு மட்டும் விசா கேட்டிருந்தோம், மறுத்துவிட்டார்கள் என்றேன். ஏன் என்றார். வந்தவள் திரும்பி ஊருக்குப் போவாள் என்பதற்குப் போதுமான காரணம் காட்டவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

அந்தக் காரணம் எனக்குள் வாரக்கணக்காகக் கொதித்துக்கொண்டிருந்தது. “என் அம்மாவா திரும்பிப் போக மாட்டாள்? மேடம், என் அப்பா இன்றுவரை தன் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்ததில்லை. மூன்றாம் நாளே ஓடிவிடுவாள்” என்றேன்.

அவர் நாய் பிஸ்கட்டைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “ஒரு டம்ளர்கூடவா?”

“ஒரு டம்ளர்கூட.”

ஊர், வீடு, அப்பாவின் வேலை, கல்யாணமாகி எத்தனை வருஷம் என்றெல்லாம் கேட்டுக்கொண்டு, “அருமை” என்றார். அந்தச் சொல்லின் ஆபத்து அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் அவையில் வீட்டுப் பராமரிப்பு வேலையைப் பற்றி விவாதம். வீட்டில் முதியவர்களையும் நோயாளிகளையும் சம்பளமில்லாமல் கவனிப்பவர்களுக்கு அரசு என்ன செய்யப்போகிறது என்பது பேச்சு. பலர் நாகரிகமாகப் பேசினார்கள். இவர் எழுந்தார். ஊர்ப் பெயரோடு மல்லுக்கட்டி முடித்தார். பிறகு:

“அந்த நகரத்தில், பெரிய கோயிலின் நிழலில், ஓய்வுபெற்ற அரசு அதிகாரி ஒருவர் இருக்கிறார். அறிவாளி, மரியாதைக்குரியவர். ஐம்பது ஆண்டுகளாக ஒரு டம்ளர் தண்ணீரைத் தானே எடுத்துக் குடித்ததில்லை. அவருடைய மனைவி ஊர் திரும்ப மாட்டார் என்று நம் அரசு பயப்படுகிறது! நான் கேட்கிறேன்: அப்படியானால் அந்த மனிதருக்குத் தண்ணீர் கொடுக்கப்போவது யார்? அமைச்சரா?”

நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். அவர் உட்காரவில்லை. அவை சிரித்துக்கொண்டிருந்தது.

3

அந்தக் காணொளியை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டது நித்யா. பதின்மூன்று வயது. பள்ளியில் ஐரிஷ் உச்சரிப்போடு ஆங்கிலம், லதாவின் ஆஸ்பத்திரித் தோழிகளின் பிள்ளைகளோடு மலையாளம், எங்களிடம் ஏதாவது காரியம் ஆகவேண்டுமென்றால் மட்டும் தமிழ். ‘தாத்தா இஸ் ஃபேமஸ்’ என்று எழுதி அனுப்பிவிட்டாள். நான் பார்ப்பதற்குள் அப்பாவின் நீல நிற டிக் இரண்டும் விழுந்துவிட்டன.

கோபமான பதில் வரும் என்று காத்திருந்தேன். வந்தது கைகூப்பும் பொம்மை. அடுத்த நாளும் அதே. மூன்றாம் நாள் அப்பா பேசினார்.

“எடா, நம்ம விஷயத்தை அங்க பார்லிமெண்ட் வரைக்கும் கொண்டுபோயிட்டியே! பலே!”

எனக்கு எதுவும் விளங்கவில்லை. அம்மாவுக்கு விசா கிடைக்காததால், விடுமுறைக்கு நாங்களே ஊருக்குப் போக ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருந்தோம். நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

விமான நிலையத்திலிருந்து வந்த கார் தெருமுனையில் திரும்பியபோதே குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராமநாதன் மாமா கையைக் காட்டி நிறுத்தினார். ஜன்னல் வழியே என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“மேயர்ட்டப் பறஞ்சாச்சு, மந்திரிட்டப் பறஞ்சாச்சு, ஒருத்தரும் கேக்கலை. நீ அயர்லண்டுல கேக்க வெச்சுட்டே. சங்கம் உனக்குப் பொன்னாடை போத்தறது, ஞாயித்துக்கிழமை.”

வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் நடந்தது என்ன என்று தெரிந்தது. செனட்டரின் மேற்கத்திய ஐரிஷ் உச்சரிப்பில் அப்பாவுக்கு ஒரு வாக்கியமும் பிடிபடவில்லை. பிடிபட்ட சொற்கள் மூன்று: திருவனந்தபுரம், டெம்பிள், வாட்டர். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வருவது ஒரு பெரிய தகராறு. அதனால் அப்பா முடிவு செய்துவிட்டார்: கிழக்கேகோட்டைக் குடிநீர்ப் பிரச்சினை அயர்லாந்து மேலவையில் எழுப்பப்பட்டிருக்கிறது. முப்பது ஆண்டு அரசு அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர் சொன்னால் தெருவில் மறுபேச்சு கிடையாது.

(எங்கள் வீட்டில் குடிக்கும் தண்ணீருக்கும் வெள்ளம் என்றுதான் பெயர். சென்னையில் ஒரு ஹோட்டலில் அப்பா ‘வெள்ளம் கொண்டு வா’ என்று கேட்டு, சர்வர் பயந்துபோனதுண்டு.)

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு காப்பிக்கும் நினைத்தேன். அப்பா அந்தக் காணொளியை வருகிறவர்களுக்கெல்லாம் டிவியில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். “பாருங்கோ, எவ்வளவு ஆவேசமா பேசறா! நமக்காக ஒரு வெள்ளைக்காரி!” என்பார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. அம்மா எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பாள். 

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முன்னறையில் தெருவே கூடியது. பொன்னாடை தயார். ராமநாதன் மாமா காணொளியை ஓடவிட்டு, “மோளே, நீ அங்க படிக்கற குட்டி அல்லே? ஒரு வரியும் விடாம எங்களுக்கு மலையாளத்துல பறஞ்சு தா” என்றார் நித்யாவிடம்.

நான் எழுந்தேன். லதா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். “சத்தியம் வெளில வரட்டும், போரும்” என்றாள்.

நித்யா ஒரு வரியும் விடவில்லை. பள்ளியில் மொழிபெயர்ப்புக்கு மதிப்பெண் போடுவது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ‘ஐம்பது ஆண்டுகளாக’ என்ற இடத்தில் முன்னறையே அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. ‘அமைச்சரா?’ என்ற இடத்தில் ராமநாதன் மாமாவின் மனைவிக்கு அடக்க முடியவில்லை. அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினார். தெருவில் அவர் சிரிக்கும் சத்தம் உள்ளே தெளிவாகக் கேட்டது.

பொன்னாடை மடிப்புக் கலையாமல் திரும்பிப் போனது.

4

அப்பா எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரங்கள் உருளும் ஓசை. நாங்கள் எல்லோரும் முன்னறையிலேயே காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

“டம்ளர் எங்க வெச்சிருக்கே?”

“உங்க கண்ணுக்கு முன்னாலதான்” என்றாள் அம்மா, எழுந்திருக்காமல். அவள் எழுந்திருக்காதது எனக்கு அவர் கேட்டதைவிட ஆச்சரியமாக இருந்தது.

டம்ளரோடு அவர் திரும்பி வந்தார். வேஷ்டி முன்பக்கம் நனைந்திருந்தது. எங்கள் எல்லோர் முன்னாலும் நின்று குடித்துக் காட்டினார். “ஆச்சா? இப்போ அந்த ஸ்த்ரீகிட்ட எனக்குப் பேசணும்.”

“அப்பா, நான் உங்களைக் குத்தமா சொல்லலை. அம்மாவோட விசாவுக்காகத்தான்…”

“எதுக்காகவா இருக்கட்டும். ஆபீஸ்ல ஒரு பியூன் மேல புகார் வந்தாக்கூட அவன் சமாதானத்தைக் கேட்டுட்டுத்தான் எழுதுவோம். என்னைக் கேட்டாளா அவ?”

அதில் தப்பு சொல்ல எனக்கு எதுவும் இல்லை. செனட்டருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் சாக்குச் சொல்லவில்லை. ‘நாளை உங்கள் மாலை நான்கு மணி. நான் தயார்’ என்று பதில் வந்தது.

மறுநாள் அப்பா இஸ்திரி போட்ட சட்டையும் வேஷ்டியும் நெற்றியில் விபூதியுமாக மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். உச்சரிப்பைப் புரியவைக்க நித்யா பக்கத்தில் நின்றாள். திரையில் செனட்டர் தன் சமையலறையில், கம்பளிச் சட்டையோடு. பக்கத்து நாற்காலியில் நாய்.

“ரெஸ்பெக்டட் மேடம்” என்று அப்பா ஆங்கிலத்தில் ஆரம்பித்தார், “பாதிக்கப்பட்ட தரப்பு நான்தான்.”

“நான் சொன்னது பொய்யா, ஐயா?”

அப்பா யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். “பொய் இல்லை. ஆனால் ஒருதலைப்பட்சம்.”

“அப்படியானால் மறுபக்கத்தைச் சொல்லுங்கள். அவையில் நானே சொல்கிறேன்.”

“இவளுக்கு ஆபரேஷன் ஆனபோது தினமும் நானே காப்பி போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.”

பின்னாலிருந்து அம்மா தமிழில், “காப்பியா அது? நர்ஸ் மோந்து பாத்துட்டு வெச்சுட்டா” என்றாள்.

“அவர் என்ன சொல்கிறார்?” என்றார் செனட்டர்.

“ஆமோதிக்கிறார்” என்றேன் நான்.

“இல்லை, காப்பி நன்றாக இல்லை என்கிறார்” என்றாள் நித்யா.

செனட்டர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். பிறகு, “நான் உங்கள் மனைவியோடு பேசலாமா?” என்றார். அப்பா நாற்காலியை விட்டு எழுந்து, அம்மாவை உட்காரச் சொன்னார். அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, திரையை நேராகப் பார்த்தாள்.

“மணி, அவகிட்ட சொல்லு. வெள்ளம் எடுத்துக் குடுக்கறதுல எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. என் கை, என் டம்ளர். என்னைப் பத்தி அவ்வளவு பெரிய சபையில பேசினாளே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா? இவர் கேக்கலை, நீ கேக்கலை, விசாக்காரா கேக்கலை. அவளாவது கேட்டிருக்கலாமே, அவளும் ஒரு பொம்மனாட்டி அல்லே?”

“தங்கள் அக்கறைக்கு நன்றி என்கிறார்” என்றேன்.

“அப்பா!” என்று நித்யா என்னைத் தள்ளிவிட்டுத் தானே சொன்னாள். ‘நீ கேக்கலை’ என்பதையும் விடவில்லை.

செனட்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்த அவையில் யாரும் அவரை இப்படி உட்காரவைத்து நான் பார்த்ததில்லை. நாய்கூட நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு மெதுவாக, “இப்போது கேட்கிறேன். உங்களுக்கு என்ன வேண்டும்?” என்றார்.

அம்மா கூரையைப் பார்த்தாள்.  விசா என்பாள் என்று நான் நினைத்தேன். மன்னிப்பு என்பாள் என்று அப்பா நினைத்திருக்கலாம்.

“கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து அம்பது வருஷமாச்சு. இதோ இருக்கற பொன்முடி மலையைப் பாத்ததில்லை.”

அப்பா அதிர்ந்தார். “பொன்முடியா? நீ ஒரு நாளும் கேட்டதே இல்லையே!”

“ஒரு மணிக்கு உங்களுக்குச் சோறு. நாலு மணிக்குக் காப்பி. நடுவுல பொன்முடிக்குப் பஸ் இல்லை.”

நித்யா மொழிபெயர்த்தபோது செனட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இத்தனை ஆண்டாக வீட்டு வேலையைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்கிறேன்” என்றார். “ஒரு நாள் சும்மா கிடைத்தால் எங்கே போவாய் என்று ஒரு பெண்ணிடமும் நான் கேட்டதில்லை.”

பின்னால் ஜனவரியில் அவர் அவையில் எழுந்து, திருவனந்தபுரத்துப் பெண்மணி ஒருவர் தன்னைத் திருத்தியதாகச் சொன்னார். எதைப் பற்றி என்று ஓர் உறுப்பினர் கேட்டார். “அவர் என்னிடம் சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் இனி நான் சொல்ல மாட்டேன்” என்றார். எங்கள் ஐரிஷ் ஊரில் அதை ஒரு புரட்சி என்றே கருதினார்கள். கடை வரிசையில் இருமல் குறைந்தது.

5

புதன்கிழமை விடிந்ததும் அம்மா, லதா, நித்யா மூவரும் பொன்முடி போகக் கிழக்கேகோட்டையில் நெடுமங்காடு பஸ் ஏறினார்கள். காரில் போகலாம் என்றேன். பஸ்ஸில்தான் போவேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். வெளியே பார்த்துக்கொண்டே போகவேண்டுமாம், யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாதாம்.

நானும் அப்பாவும் வீட்டில். அயர்லாந்தில் தினமும் சமைக்கிறவன் என்ற தோரணையில் நான் சமையலறையில் இறங்கினேன். அம்மாவின் டப்பாக்களில் எதிலும் பெயர் இல்லை. ரசப்பொடி என்று போட்டது வேறு ஏதோ பொடி. அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். என்ன சொல்வார் என்று காத்திருந்தேன்.

“லதா பாவம்” என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவரே கழுவினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த வெள்ளைக்காரி என்னைப் பத்திப் பேசினதுகூடப் போட்டும்டா. இத்தனை வருஷமா ஒரு மலை வேணும்னு மனசுல வெச்சிண்டு ஒருத்தி எனக்குக் காப்பி குடுத்திருக்கா. நான் சர்க்கரை போறலைன்னு பறஞ்சிண்டு இருந்திருக்கேன்.”  

சாயங்காலம் அவர்களை அழைத்துவர பஸ் நிறுத்தத்துக்குப் போகப் புறப்பட்டேன். அப்பாவும் செருப்பை மாட்டினார். நெடுமங்காட்டிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து போய்ப் படிக்கட்டுப் பக்கம் நின்றார். அம்மா இறங்கவில்லை. இருட்டத் தொடங்கியபோது என் கைபேசி அடித்தது. லதா பேசினாள்: மலைக்குப் போகும் வழியில் கல்லாற்றில் அம்மா ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்து காலை நனைத்தாள், எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். மேலே போனால் ஒரே மூடுபனி, மலையே தெரியவில்லை. அதனால் இறங்கி வந்து மலையடியில் விதுராவில் அறை எடுத்துவிட்டார்கள். காலையில் மறுபடியும் ஏறுவதாக அம்மா முடிவு செய்திருக்கிறாள்.

நான் ஸ்பீக்கரைப் போட்டேன். அப்பா கைபேசியை வாங்கினார். சுற்றிலும் கண்டக்டர்களின் கூவல். அவர் என்ன கத்தப்போகிறார் என்று பயந்தேன்.

“கேட்டியா,” என்றார், எனக்குக் கேட்டே பழக்கமில்லாத சன்னக் குரலில். “நாளைக்குக் காலம்பற முதல் பஸ்ஸைப் பிடிச்சா, நீ மேல ஏறறதுக்கு முன்னால நான் அங்க வந்துடலாமா?”

அந்தப் பக்கம் நித்யா எதையோ கிசுகிசுப்பது மட்டும் கேட்டது. பிறகு அம்மா பேசினாள்.

“வாங்கோ. வரச்சே நாலு பேருக்குச் சாப்பாடு கட்டிண்டு வாங்கோ.”

மறுநாள் விடிகாலை, நான் வழியனுப்ப, முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார் அப்பா. மடியில் அடுக்குப் பாத்திரம். உள்ளே அவர் கையால் பிசைந்த எலுமிச்சஞ்சாதமும் தயிர்சாதமும். மேலே வைக்கலாமே என்று கண்டக்டர் கையை நீட்டினார்.

“வேண்டா, சேட்டா” என்றார் அப்பா. “குலுங்கிடும்.”